கையெழுத்துப் போடும் முன்: சம்மதம், தீர்வம், வழக்கு ஆகிய மூன்று வழிகள்

ஓமலூர் பக்கம் தென்னையும் மல்லிகையும் வைத்திருக்கும் என் பெரியப்பா போன மாதம் ஒரு தாளை நீட்டினார். “இதில் கையெழுத்துப் போட்டால் பணம் சீக்கிரம் வருமாம். போடட்டுமா?”

அது, அரசு எடுக்கப்போகும் நிலத்தைப் பேசிய விலைக்குத் தர ஒப்புக்கொள்ளும் சம்மதக் கடிதம். “எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதா பெரியப்பா?” என்று கேட்டேன். “சட்டம் கிடக்கட்டும், ரேட்டைச் சொல்” என்றார். சரி, ரேட்டிலிருந்தே தொடங்குவோம்.

2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சந்தை மதிப்பு என்பது பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, அல்லது அக்கம்பக்கத்தில் கடந்த மூன்றாண்டுகளில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அது. கிராமப்புறமென்றால் அதை ஒரு காரணியால் பெருக்குவார்கள். ஏக்கருக்கு 10 லட்சம், காரணி 1.25 என்று வைத்துக்கொண்டால் 12.5 லட்சம். அதே அளவு ஆறுதல் தொகையும் (நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் கூடுதல்) சேர்ந்தால் 25 லட்சம். மரம், கிணறு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு உண்டு, அதற்கும் ஆறுதல் தொகை சேரும். இது போக, நிலத்தின் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகை. சேலம் உருக்காலைக்கு நிலம் கொடுத்த தலைமுறையோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1970-இல் அந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது இருந்த 1894-இன் சட்டத்தில் ஆறுதல் தொகை 15 சதவீதம்தான்.

ஆனால் கணக்கின் முதல் எண்ணே சறுக்குகிற இடம். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, 40 லட்சத்துக்கு வாங்கிய நிலத்தைப் பத்து லட்சமென்று பத்திரத்தில் எழுதியது நாம்தான். அந்தப் பத்திரம்தான் இப்போது நமக்கு எதிரான சாட்சி. போதாக்குறைக்கு, 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. நிலம் வாங்குகிறவர்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டே சேலத்தை அடுத்த குப்பனூர், பூலாவரி வயல்களில் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டார்கள்.

இப்போது பெரியப்பாவின் சம்மதக் கடிதம். பேச்சுவார்த்தை வழியில் அதிகாரிகள் ஒரு விலை சொல்வார்கள், ஒப்புக்கொண்டால் கிரயமோ ஒப்பந்தமோ எழுதப்படும். பணம் விரைவாக வரும், வக்கீல் செலவு இல்லை. வழிகாட்டி மதிப்பு மிகக் குறைவாக உள்ள ஊரில் பேசிப் பெறும் விலை சட்டக் கணக்கைவிடக் கூடுதலாக அமையவும் வாய்ப்புண்டு. தனிப்பட்டா, வில்லங்கம் இல்லை, பெண் கல்யாணமோ வங்கிக் கடனோ கழுத்தை நெரிக்கிறது என்றால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சம்மதித்த விலை போதவில்லை என்று பிறகு எந்தக் கதவையும் தட்ட முடியாது. இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. கிரயம் உடைமையாளரோடு முடிந்துவிடும், அந்த நிலத்தில் பூப்பறித்தவர்களின் பெயர் அதில் இருக்காது. 2013 சட்டமோ மூன்றாண்டு அங்கே உழைத்து வாழ்ந்த குத்தகைதாரரையும் கூலியாளையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது.

அடுத்தது தீர்வம், ஊர் வழக்கில் அவார்டு: இழப்பீடு இவ்வளவு என்று அதிகாரி தீர்மானித்து வெளியிடும் உத்தரவு. என் சாய்வு இந்தப் பக்கம்தான், காரணம் ஒரே ஒரு வரி. பணம் வாங்கும்போது ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வரி இல்லாமல் வாங்கியவர் கூடுதல் இழப்பீடு கேட்டு மனுச் செய்ய முடியாது என்று 2013 சட்டத்தின் 77-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரி இருந்தால் பணமும் கையில், வழக்கும் கையில். கெடுவும் குறுகியது: தீர்வம் அறிவிக்கும்போது நேரில் இருந்தவருக்கு ஆறு வாரம். கூட்டுப்பட்டாக் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும். பங்காளிகளுக்குள் தகராறு என்றால் தொகையை முறைப்படி செலுத்தி வைப்பார்கள், சண்டை முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நான் முதலில் கேட்ட கேள்வி வருகிறது. நோட்டீஸில் 2013 சட்டம் என்றால், மனு மாவட்ட நீதிபதி தகுதியுள்ளவர் தலைமை வகிக்கும் ஆணையத்துக்குப் போகும், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். 1956-இன் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் ஆட்சேபணை சொல்ல 21 நாள்தான். தொகையை எதிர்த்தால் நடுவரிடம் போக வேண்டும், அந்த நடுவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். எடுக்கிற அரசின் அதிகாரியே தொகையையும் சரிபார்ப்பது எனக்கு உறுத்துகிறது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாமே தவிர, தொகையைத் தானே உயர்த்த முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது, அதுவும் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை வழக்கில். 2025-இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சில வரம்புகளுக்குள் திருத்தலாம் என்று அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. தொழிற்பேட்டைக்கு என்றால் 1997-இன் மாநிலச் சட்டம் வரலாம். அதில், திட்டத்தால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற கட்டமே கிடையாது. 2019-இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்ற அந்தச் சட்டத்தை மாநில அரசு புதுச் சட்டத்தால் உயிர்ப்பித்தது, 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, நிலத்தையே தரமாட்டோம் என்று வழக்குத் தொடுப்பது. சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது இனிப்புக் கொடுத்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை மாற்றியது. சாலை இன்னும் வரவில்லை என்பது உண்மை, ஆகவே போராட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பில் சர்வே எண் ஏறிய நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு செலவுதான். ஊரே சேர்ந்தால் மட்டும் இந்த வழி. ஒற்றை ஆளாகப் போனால் வழிச்செலவுக்கே தென்னை போய்விடும்.

பெரியப்பாவுக்கு மிச்சத் துண்டு பற்றிய கவலையும் இருந்தது. நடுவில் கோடு போட்டு எடுத்தால், ஓரத்தில் நிற்கும் முப்பது சென்ட் எதற்காகும்? நிலம் துண்டுபடுவதால் வரும் நட்டத்துக்கும் இழப்பீடு கேட்க 2013 சட்டம், தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இரண்டிலும் இடமுண்டு. கேட்காவிட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

அவர் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார். மறுநாள் காலை காய்க்கிற மரம், காய்க்காத மரம் என்று தனித்தனியாக எண்ணிப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தார். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி ஆழம் பார்த்தார். பிறகு திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, கூட்டுப்பட்டாவைப் பிரிக்க எப்போது வருகிறாய் என்று கேட்டார்.