கோடை வேலை: அமெரிக்கக் கடற்கரையா, பிரிட்டன் பண்ணையா, ஆஸ்திரேலியத் தோட்டமா?

மணிக்கு 15 அமெரிக்க டாலர், 12.21 பவுண்டு, 31 ஆஸ்திரேலிய டாலர். மூன்றையும் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு எந்த நாடு என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கணக்கில் படுக்கை வாடகை வராது, மழைக்கு வேலை நின்ற நாளும் வராது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் போட்ட முதல் எந்த வாரத்தில் திரும்பும் என்பதும் தெரியாது. ஒரு பருவம் மட்டும் போய்விட்டு வருகிறவருக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். கீழே உள்ள கணக்குகள் 2025ஆம் ஆண்டுக் கூலியையும் கட்டணத்தையும் வைத்துப் போட்டவை. இவை ஆண்டுதோறும் மாறும், விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுச் செலவைச் சேர்க்கவில்லை. சமைத்துச் சாப்பிடுகிறவருக்கும் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் அதில் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும்.

முதலில், யாருக்கு எந்தக் கதவு திறக்கும்?

ஜே-1 என்ற விசாவில் போகும் அமெரிக்காவின் கோடை வேலைப் பயணத் திட்டம் மாணவர்களுக்கு மட்டும். சொந்த நாட்டுக் கல்லூரியில் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டும், குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், உங்கள் கல்லூரியின் கோடை விடுமுறையில்தான் போக முடியும். அதிகபட்சம் நான்கு மாதம்.

பிரிட்டனின் பருவகாலத் தொழிலாளர் விசாவுக்குப் பட்டம் தேவையில்லை, 18 வயது முடிந்தால் போதும். தோட்டப் பயிர் வேலைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பது சட்டம். நடைமுறையில் ஆள் எடுப்பது உரிமம் பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே, எந்த நாட்டில் எடுப்பது என்பதும் அவர்கள் முடிவு. இப்போது கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கம்தான் பெரும்பாலும் போகிறார்கள். எனவே “எங்களிடம் பிரிட்டன் பண்ணை கோட்டா இருக்கிறது” என்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். கோட்டா அந்த நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது பிரிட்டனில் சட்டவிரோதம்.

ஆஸ்திரேலியாவின் 462 விசா (வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசா) 18 முதல் 30 வயது வரை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2024இல்தான் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பெயர் வந்தால் அதன் பிறகு விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, 5,000 ஆஸ்திரேலிய டாலர் இருப்புக்குச் சான்று. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் இதே 462 உண்டு, குலுக்கல் கிடையாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த வழி இல்லை. இலங்கையர் அதிகம் பார்ப்பது இத்தாலியின் பருவ வேலை அனுமதியை. அங்கே விண்ணப்பிப்பது முதலாளி, நீங்கள் அல்ல. தாளில் மட்டும் இருக்கும் முதலாளியை நம்பிப் பணம் கட்டி, இறங்கிய பிறகு வேலையும் இல்லாமல் அனுமதியும் இல்லாமல் நிற்பதுதான் அந்த வழியின் பெரிய ஆபத்து. அது தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

அமெரிக்கா: வேலை முன்பே கிடைக்கும், வீடு கிடைக்காது

மேரிலாந்து மாநிலத்தின் ஓஷன் சிட்டி, தென் கரோலைனாவின் மிர்ட்டில் பீச், கேப் காட், விஸ்கான்சின் டெல்ஸ். இந்தத் திட்டத்தில் வருகிறவர்கள் குவியும் ஊர்கள் இவை. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்கள் வரை சீசன். ஹோட்டல் அறை சுத்தம் செய்வது, கேளிக்கைப் பூங்காவில் சவாரி இயக்குவது, உணவகம், நீச்சல்குளக் காவல் ஆகியவைதான் வழக்கமான வேலைகள். விவசாயம், கட்டுமானம், தொழிற்சாலை, வீட்டு வேலை, இரவு 10 முதல் காலை 6 வரை அமையும் வேலை எதுவும் இந்தத் திட்டத்தில் கூடாது.

மேரிலாந்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். தென் கரோலைனாவுக்கு மாநிலக் குறைந்தபட்சமே கிடையாது, மத்திய அரசின் 7.25தான் அடித்தளம். கடல் ஒன்றுதான், கூலி பாதி. டிப்ஸ் வாங்கும் வேலை என்றால் அடிப்படைக் கூலி இன்னும் இறங்கும், மேரிலாந்திலேயே 3.63 டாலர்தான். வேலைக் கடிதத்தில் “டிப்ஸ் உட்பட” என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

மேரிலாந்துக் கணக்கு: வாரம் 40 மணி, 600 டாலர். ஜே-1 மாணவருக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கிடையாது. தெரியாமல் பிடித்திருந்தால் முதல் சம்பளச் சீட்டிலேயே கேட்டுவிடுங்கள், ஊர் திரும்பிய பிறகு வாங்குவது பெரும்பாடு. வருமான வரி போகச் சுமார் 510 நிற்கும். ஒரு படுக்கை வாரம் 150 என்று வைத்தால் மிச்சம் 360. இனிச் செலவுப் பக்கம்: விசா 185, செவிஸ் எனும் அரசுப் பதிவுக் கட்டணம் 35, திட்டத்தில் உங்களைச் சேர்த்துப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் நிறுவனத்தின் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 1,500, விமானம் 1,200. மொத்தம் 2,920. முதல் திரும்ப எட்டு வாரம் ஆகும்.

தமிழ்நாட்டு மாணவருக்குத் திட்டம் இடறும் இடம் இதுதான். தேர்வு முடிவது மே நடுவில், அடுத்த செமஸ்டர் தொடங்குவது ஜூலையில். விடுமுறை முழுக்க வேலை செய்தாலும் போட்ட பணம்தான் திரும்பும். முதலாளிக்கோ செப்டம்பர் வரை ஆள் வேண்டும். ஜூலையில் ஊர் திரும்புகிறவருக்குக் கடைசித் தேர்வாகத்தான் இடம் கொடுப்பார். நீண்ட விடுமுறை உள்ள கல்லூரி என்றால் மட்டும் இதைக் கையில் எடுங்கள். இல்லையென்றால் இது சம்பாதிக்கப் போகும் வழியல்ல, செலவைத் திரும்பப் பெறும் சுற்றுலா. அப்படித் தெரிந்தே போவதில் தவறு எதுவும் இல்லை.

வீடு பற்றி ஸ்பான்சரிடம் கேட்டால் பட்டியல் ஒன்று வரும். பிடித்து வைப்பது உங்கள் வேலை. மார்ச் மாதத்திலேயே நல்ல அறைகள் போய்விடும். வலைத்தளத்தில் படம் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாறுவது ஆண்டு தவறாமல் நடக்கிறது. வீட்டுக்காரரை வீடியோ அழைப்பில் வரச்சொல்லி, தெருவிலிருந்து வாசல் வழியாக உள்ளே நடக்கச் சொல்லுங்கள், குளியலறைக் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே செய்வார். பல கடற்கரை ஊர்களில் வாடகைக்கு விட நகராட்சி உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு நகராட்சியில் ஒத்துப்பாருங்கள். அதே உரிமத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்பதும் இருக்கும். ஆறு பேர் வீட்டில் பன்னிரண்டு பேரை அடைத்து, சோதனை வந்ததும் அத்தனை பேரும் பெட்டியோடு தெருவில் நிற்பது ஜூலை மாதத்து வழக்கம்.

வேலையிடத்துக்கும் அறைக்கும் உள்ள தூரத்தைச் சைக்கிளில் அளந்து பாருங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் இரவு 11 மணிக்கு நெடுஞ்சாலை ஓரம் மிதிக்கிறீர்கள் என்று பொருள். முன்னும் பின்னும் விளக்கு வாங்காமல் சைக்கிளைத் தொடாதீர்கள். முகவரி மாறினால் பத்து நாளுக்குள் ஸ்பான்சருக்குச் சொல்ல வேண்டும், இரண்டாவது வேலை சேர்ந்தால் சேர்வதற்கு முன்பே. இதை விட்டுவிட்டு விசா நிலையை இழந்தவர்கள் உண்டு.

பிரிட்டன்: கூலி உறுதி, கூரை முதலாளி கையில்

பண்ணை வேலையில் பிரிட்டனுக்கு ஒரு சிறப்பு: மழை பெய்தாலும் பழம் பழுக்காவிட்டாலும் வாரம் 32 மணிக்குக் கூலி தர வேண்டும். 21 வயது நிறைந்தவருக்கு 2025இல் மணிக்கு 12.21, அதாவது வாரம் 390.72 பவுண்டு. தங்குமிடத்துக்குக் குறைந்தபட்சக் கூலியிலிருந்து கழிக்கக்கூடிய உச்சவரம்பு நாளுக்கு 10.66, வாரத்துக்கு 74.62. தேசியக் காப்பீடு சுமார் 12 பவுண்டு. மிச்சம் 304. இது அடித்தட்டுக் கணக்கு. ஸ்ட்ராபெரி உச்சத்தில் 45 மணி ஓடும். விசா 319, விமானம் 600 என்று வைத்தால் மூன்றே வாரத்தில் முதல் வந்துவிடும். மூன்றில் இதுதான் வேகம்.

வருமான வரி பிடித்தாலும் கவலை வேண்டாம். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. 26 வாரம் 32 மணி வேலை செய்தால் மொத்தமே 10,159தான். கிளம்பும்போது பி-45 தாளை (வேலையை விட்டதைக் காட்டும் வரிச் சான்று) வாங்கிக்கொண்டு, நாட்டை விட்டுப் போவதைத் தெரிவிக்கும் பி-85 படிவம் போட்டுத் திரும்பப் பெறலாம்.

உச்சவரம்பில்தான் நுணுக்கம் இருக்கிறது. பண்ணைக்காரர் வாடகையை 74.62 என்று சரியாக வைத்துவிட்டு, மின்சாரம், எரிவாயு, துணி துவைக்கும் இயந்திரம் என்று தனித்தனியாகப் பிடிப்பார். கட்டாயமாகப் பிடிக்கும் தொகையும் வாடகைக் கணக்கில்தான் சேரும். மொத்தம் வரம்பைத் தாண்டினால் கூலி குறைந்தபட்சத்துக்குக் கீழே போனதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சம்பளச் சீட்டுகளை வாரந்தோறும் படம் எடுத்து வையுங்கள்.

தங்குமிடம் பெரும்பாலும் கேரவன். சக்கரம் இருந்தாலும் நகராத பெட்டி வீடு. மூன்று அறை, அறைக்கு இரண்டு குறுங்கட்டில், நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் இடம். ஏப்ரல் இரவில் உள்ளே மூச்சுக் காற்று சன்னலில் நீராக வழியும். குளிருக்குப் பயந்து சுவரில் கீழே இருக்கும் காற்றுத் துளையைத் துணியாலோ டேப்பாலோ அடைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அந்தத் துளை எரிவாயு அடுப்புக்காக வைத்தது. அடைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், வாசம் தெரியாது. சேர்ந்த அன்றே அபாய ஒலிக் கருவியின் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஈரத் துணியை உள்ளே காயப் போடாதீர்கள், இரண்டு வாரத்தில் மெத்தை அடியில் பூஞ்சை வரும்.

இந்த வழியின் கசப்பு வேறு இடத்தில். வேலை போனால் கட்டிலும் போகும். வேறு வேலை தேடிக்கொள்ள விசாவில் இடமில்லை. வேறு பண்ணைக்கு மாற்றச் சொல்லி ஆள் எடுத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். பறிப்பு இலக்கை எட்டாதவரைச் சில வாரங்களிலேயே எச்சரிப்பார்கள். மாற்றம் வேண்டும் என்றால் எச்சரிக்கை வருவதற்கு முன்பே, எழுத்தில் கேளுங்கள். பருவக் கடைசியில் எந்தப் பண்ணையிலும் இடம் இருக்காது.

ஆஸ்திரேலியா: கூலி உச்சம், மணிக்கணக்கு உங்கள் பாடு

அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. டாஸ்மேனியாவில் செர்ரி, ஜனவரியிலிருந்து மில்டுராவில் திராட்சை, பிப்ரவரிக்குப் பின் ஸ்டான்தோர்ப்பில் ஆப்பிள் என்று பழத்தின் பின்னால் நகர்கிறவர்தான் சம்பாதிக்கிறார்.

நாள்கூலித் தொழிலாளிக்கு 25 விழுக்காடு கூடுதல் சேர்த்து மணிக்கு 31 டாலர் சொச்சம். தோட்டத் தொழிலின் தொடக்க நிலையில் சற்றுக் குறையலாம். 38 மணி கிடைத்தால் 1,185. முதலாளி வரித்துறையில் பதிவு பெற்றவராக இருந்தால் 15 விழுக்காடு வரி, கையில் 1,007. விடுதிப் படுக்கை 220 போக 787. பிரமாதம். ஆனால் 20 மணிதான் கிடைத்தது என்றால்? வரியும் படுக்கையும் போக 310. உறுதி எதுவும் கிடையாது. முதலாளி பதிவு பெறாதவர் என்றால் வரி 30 விழுக்காடு. வரி எண் வாங்காமல் வேலையில் சேர்ந்தால் 45. வரி எண் இலவசம், வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரை விடுங்கள். விசா, குலுக்கல், விமானம் எல்லாம் 1,900 என்றால், வேலை ஓடினால் இரண்டரை வாரத்தில் முதல் திரும்பும், இழுத்தால் ஆறு வாரத்துக்கு மேல். ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போடும் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிளம்பிய பின் எடுக்கும்போது 65 விழுக்காடு வரி.

இங்கே வேலையும் வீடும் “வேலை விடுதி” என்ற ஒரே இடத்தில் சேரும். விடுதிக்காரரே தோட்டத்துக்கு ஆள் அனுப்புவார். படுக்கை நிரம்பினால் அவருக்கு லாபம், உங்களுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். “அடுத்த வாரம் தொடங்கிவிடும்” என்று மூன்று வாரம் வாடகை வாங்குவது இப்படித்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தத் தோட்டம், பறிப்பு எந்தத் தேதியில்? பெயர் சொன்னால் அந்தத் தோட்டத்துக்கே போன் போட்டுப் பாருங்கள். விடுதியில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், நேற்று அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று சமையலறையில் நிற்பவரிடம் கேட்டால் உண்மை வெளியே வரும். இரண்டு வார வாடகைக்கு மேல் முன்பணம் வேண்டாம்.

படுக்கையில் பையை வைக்கும் முன் சன்னலைத் திறந்து பாருங்கள். 2000ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் ஊர் விடுதியில் பிடித்த தீயில் 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பழம் பறிக்க வந்த வெளிநாட்டு இளைஞர்கள். வெளியேறும் வழி அடைபட்டிருந்தது, புகை எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யவில்லை. கம்பி போட்ட சன்னல், கட்டில் மறைத்த கதவு, வேலை செய்யாத புகைக் கருவி: இதில் ஒன்று இருந்தாலும் வேறு அறை கேளுங்கள், இல்லையென்றால் வேறு விடுதி.

ஒரே முதலாளியிடம் ஆறு மாதம்தான் என்ற வரம்பு பொதுவாக உண்டு, ஆனால் பயிர்த் தொழிலுக்கு விலக்கு இருக்கிறது. பிடிக்காவிட்டால் மறுநாளே வேறு தோட்டம் போகலாம், வேறு நகரம் போகலாம், ஹோட்டலில் சேரலாம். பிரிட்டனில் இல்லாத விடுதலை இது.

ஆகவே, கையில் 2,000 ஆஸ்திரேலிய டாலர் உபரியும் மூன்று வாரம் வேலையின்றிக் காத்திருக்கும் தெம்பும் இருந்து, குலுக்கலில் பெயரும் வந்தால் ஆஸ்திரேலியா. கடன் வாங்கிப் போகிறவர் பிரிட்டன் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம், அதுவும் ஆள் எடுக்கும் நிறுவனம் உங்கள் நாட்டில் நேரடியாக எடுத்தால் மட்டும். நீண்ட விடுமுறையும் வீட்டில் தாங்கும் வசதியும் உள்ள கல்லூரி மாணவர் அமெரிக்காவைப் பார்க்கலாம். அப்படியென்றால் வேலைக் கடிதம் வந்த அன்றே படுக்கை தேடத் தொடங்குங்கள், விசா நேர்காணல் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏப்ரலில் தேடுகிறவருக்குக் கிடைப்பது வேலையிடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிய சோஃபாதான்.