ஸ்கோலியோசிஸ் பிரேஸ்: பெயரைப் பார்க்கும் முன் பேடுக்கு எதிரே இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

வளரும் பிள்ளையின் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, எக்ஸ்ரேயில் அந்த வளைவின் அளவான காப் கோணம் 25 டிகிரியைத் தாண்டினால் டாக்டர் பெரும்பாலும் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் கெட்டியான பிளாஸ்டிக் கவசம், போடச் சொல்வார். உடனே வீட்டில் பெயர்களைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பாஸ்டனா, ஷெனோவா, ராத்திரி மட்டும் போடும் பிராவிடன்ஸா? எங்கள் கணக்கில் பெயருக்கு மூன்றாம் இடம்தான். முதலிடம் பிரேஸ் போட்டபடி எடுக்கும் எக்ஸ்ரேக்கு, அடுத்தது நாளுக்கு எத்தனை மணி நேரம் உடம்பில் இருக்கிறது என்பதற்கு.

பிரேஸ் வளைவை நிரந்தரமாக நிமிர்த்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போட்டிருக்கும்போது கோணம் நன்றாகக் குறையும், கழற்றினால் பெரும்பகுதி திரும்பிவிடும். வளர்ச்சி முடியும் வரை வளைவு கூடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. அந்த வேலையை அது செய்கிறது. 2013இல் வெளியான பிரெய்ஸ்ட் ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வைக்கும் 50 டிகிரியைத் தொடாமலே வளர்ச்சியை முடித்தார்கள். வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் அது 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்ப சென்சார் வைத்து நேரத்தையும் அளந்தார்கள். சராசரியாக நாளுக்கு 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் வெற்றி 90 சதவீதத்தை எட்டியது. ஆறு மணி நேரம்கூடப் போடாதவர்களுக்குப் போட்டும் போடாத கதைதான். டாக்டர் 18 மணி நேரம் என்று எழுதிக்கொடுப்பது சும்மா இல்லை.

இனி பிரேஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே வளைவின் புடைத்த பக்கத்தில் பேட், அதாவது உடம்பை அழுத்தும் திண்டு, இருக்கும். விலா எலும்புகள் முதுகிலிருந்து சரிந்து கீழே இறங்குகின்றன. அதனால் வளைவின் உச்சியில் உள்ள முள்ளெலும்பைத் தள்ள, அதனுடன் சேரும் விலாவில், சற்றுக் கீழே அழுத்த வேண்டும். பேட் உச்சிக்கு மேலே ஏறிவிட்டால் மேல்முதுகுதான் சாயும், வளைவு அப்படியே நிற்கும். அழுத்தும் இடத்துக்கு நேர் எதிரே காலியிடம் இருக்கிறதா? பிள்ளை பட்டையை இறுக்கிப் போட்ட பிறகும் அங்கே உங்கள் உள்ளங்கை நுழைய வேண்டும், மூச்சை இழுத்தால் மார்பு அந்தப் பக்கமாக விரிய வேண்டும். இடமே இல்லாத பிரேஸ் உடம்பை நாலு பக்கமும் நெருக்குமே தவிர, முதுகு நகர வழி விடாது. நாங்கள் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லும் முதல் குறை இதுதான்.

ஷெனோ வகையில் இந்தக் காலியிடம் தாராளம். முன்பக்கம் திறப்பதால் பிள்ளை தானே போட்டுக்கொள்ளலாம். பழைய பாஸ்டன் பின்னால் திறக்கும், இறுக்க இன்னொருவர் கை வேண்டும். ஆனால் கீழ்முதுகு வளைவுக்கு அது நம்பகமானது. ராத்திரி பிரேஸ் உடம்பை எதிர்ப்பக்கம் பலமாகத் தள்ளுவதால் அதைப் போட்டுக்கொண்டு நடமாட முடியாது. 35 டிகிரிக்கு உட்பட்ட, கீழ்ப்பகுதியில் உள்ள ஒற்றை வளைவுக்கு அதைப் பரிந்துரைப்போம், மேல்முதுகின் இரட்டை வளைவுக்கு மாட்டோம்.

போட ஆரம்பித்து நாலு முதல் ஆறு வாரத்தில் பிரேஸோடு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளைந்து கொடுக்கும் முதுகில் 30 டிகிரி 15க்குப் பக்கத்தில் வந்தால் நல்ல பிரேஸ். 27 என்று வந்தால் வளைவு குறைந்ததாகவே சொல்ல முடியாது, ஏனென்றால் அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின் ஆகும். பக்கவாட்டிலும் பாருங்கள். மேல்முதுகின் இயல்பான கூனல் மறைந்து பலகை போலத் தட்டையாகியிருந்தால் பிரேஸைத் திருத்த வேண்டும்.

முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் முழு நேரத்துக்குக் கொண்டுபோகலாம். உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன், சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு. எண்ணெய், லோஷன் எதுவும் பிரேஸுக்கு அடியில் கூடாது, தோல் மிருதுவாகிப் புண்ணாகிவிடும். பேட் அழுத்திய சிவப்பு அரைமணியில் மறைய வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையில் மறையாத சிவப்பு தெரிந்தால், அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே விரிக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது பிரேஸ் அக்குளுக்கு ஏறினால் முன்பக்கக் கீழ்விளிம்பு நீளம், தொடை அதைத் தூக்குகிறது. பட்டை எதுவரை வர வேண்டும் என்று பிரேஸ் செய்து பொருத்தும் ஆர்த்தோடிஸ்ட்டிடமே பேனாவால் கோடு போட்டு வாங்குங்கள். தளர்வாகப் போட்ட 20 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பிரேஸ் இடுப்பைப் பிடித்து நிற்பது. பிள்ளை உயரம் கூடக் கூட வளைவின் உச்சி மேலே போய்விடும், பேட் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் புதிது தேவைப்படுவது அதனால்தான். மறுபரிசோதனைக்குப் போகும்போது ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஆறு மாதமாக உயரம் கூடவில்லை, எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பைப் பார்த்து எலும்பு வளர்ச்சி எவ்வளவு முடிந்தது என்று சொல்லும் ரிஸ்ஸர் நிலையும் (0 முதல் 5 வரை) 4ஐத் தொட்டது என்றால், கழற்றுவதைப் பற்றி டாக்டரிடம் பேச்செடுக்கலாம்.