பண உவமைகளுக்கு எந்த வேதாகமம்? பழைய திருப்புதலும் திருவிவிலியமும்

இயேசுவின் உவமைகளைப் பொருளாதார வாதத்துக்கு இழுக்காத கட்சியே கிடையாது. தாலந்து உவமை முதலீட்டுக்குச் சாட்சி, திராட்சத்தோட்ட உவமை கூலிச் சட்டத்துக்கு எதிர்ச்சாட்சி, நல்ல சமாரியன் பணக்காரருக்குச் சாட்சி. இப்படிப் பேசுகிறவர்கள் உவமைக்குள் இருக்கும் கணக்கைப் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை. பாதிக் குற்றம் கையிலிருக்கும் புத்தகத்துடையது. இந்த மதிப்புரை அந்த ஒரு பயனை மட்டும் பார்க்கிறது. நடையழகு, மனப்பாடம், வழிபாடு எதுவும் இதில் சேராது.

எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, 1871-இல் முழுமையான ஐக்கியத் திருப்புதல் என்ற வேதாகம மொழிபெயர்ப்பு. சீர்திருத்த சபைகளில் பலரும் பழைய திருப்புதல் என்று சொல்லிக் கையில் வைத்திருப்பது. மற்றது, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். கணக்குக்கு என்றால் திருவிவிலியத்தையே வாங்குங்கள். ஆனால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

பழைய திருப்புதலின் முதல் சிக்கல் நாணயம். தெனாரியம் என்ற ஒரே உரோம நாணயம் மத்தேயு 20-இல் ‘பணம்’, மத்தேயு 18-இல் ‘வெள்ளிப்பணம்’, லூக்கா 7-இல் ‘வெள்ளிக்காசு’. லூக்கா 15-இல் காணாமற்போன திராக்மா என்ற கிரேக்க நாணயமும் வெள்ளிக்காசுதான், யூதாஸ் வாங்கிய முப்பதும் வெள்ளிக்காசுதான். ஒரு உவமையின் தொகையை இன்னொன்றோடு ஒப்பிட வழியே இல்லை. திருவிவிலியம் தெனாரியம், திராக்மா, மினா, தாலந்து என்று பிரித்து வைக்கிறது. பென்சிலால் முதல் பக்கத்தில் இதை எழுதிக்கொண்டால் போதும்: 1 தெனாரியம் = ஒரு நாள் கூலி; 1 மினா = 100 தெனாரியம்; 1 தாலந்து = 60 மினா, அதாவது சுமார் 6,000 தெனாரியம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் ஒரு தாலந்து 20 ஆண்டுக் கூலி.

இதை வைத்துக்கொண்டு மத்தேயு 18-ஐப் படியுங்கள். ராஜாவிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டு மன்னிப்புப் பெற்றவன், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்டவனின் கழுத்தைப் பிடிக்கிறான். விகிதம் 6,00,000-க்கு 1. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருவாயே 200 தாலந்து என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (Josephus). அப்படியானால் அந்தக் கடன் அந்திப்பாவின் 50 ஆண்டு வருவாய். ‘எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்’ என்று கடன்பட்டவன் ராஜாவிடம் கெஞ்சுவது அதனால்தான் அபத்தம். கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டச் சொல்லும் பாடத்துக்கு இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் தொகையைப் பார்க்கவில்லை.

இரண்டாவது சிக்கல் நேரம். மத்தேயு 20-இன் திராட்சத்தோட்ட உவமையில், பழைய திருப்புதலின்படி, கடைசிக் கூலியாட்கள் ‘பதினோராம் மணி வேளையில்’ வருகிறார்கள். கடிகாரம் பார்த்துப் பழகியவருக்கு அது முற்பகல். விடியலிலிருந்து எண்ணிய அந்த மணியைத் திருவிவிலியம் மாலை ஐந்து மணி என்றே போடுகிறது. பன்னிரண்டு மணி நேர வேலையும் ஒரு மணி நேர வேலையும் ஒரே கூலி வாங்குவது அப்போதுதான் உறைக்கும். ‘என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா’ என்ற வரியைப் பிடித்து, முதலாளிக்கு ஒப்பந்தச் சுதந்திரம் வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இரண்டை விட்டுவிடுகிறார்கள். கூலி பேசி ஒப்பந்தம் செய்தவர்கள் விடியலில் வந்தவர்கள் மட்டும்; ஒன்பது மணிக்காரருக்குக் கிடைத்தது ‘நியாயமானபடி’ என்ற வாய்ச்சொல்தான். அந்த அதிகாரமும் கூலியைக் குறைக்கப் பயன்படவில்லை. மாலைவரை நின்றவர்களைச் சோம்பேறிகள் என்பதற்கும் இடமில்லை. ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள், தோட்டக்காரன் மறுக்கவில்லை.

தாலந்து உவமையில் பழைய திருப்புதல் ஓர் உதவி செய்கிறது. ‘அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக’ எஜமான் மூன்று ஊழியக்காரருக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறான் என்று மத்தேயு 25:15-இல் தெளிவாக இருக்கிறது. திறமை முன்பே இருக்கிறது, அதற்கேற்பப் பணம் வருகிறது. ஆகவே தாலந்து என்றால் பாட்டு, பேச்சு, ஓவியத் திறமை என்று விளக்கும் ஞாயிறு பள்ளிப் பாடம் கதைக்குள் நிற்காது. முதல் ஊழியக்காரனின் ஐந்து தாலந்து பத்தானது நூறு சதவீத லாபம் என்று மலைப்பவர்கள் ‘வெகுகாலமானபின்பு’ என்ற சொல்லைத் தாண்டிப் போகிறார்கள். அன்றைய உரோம உச்ச வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்று. தனிவட்டியிலேயே 8 ஆண்டு 4 மாதத்தில் முதல் இரட்டிப்பாகும்.

வாங்கிய ஒரு தாலந்தை நிலத்தில் புதைத்துவைத்த மூன்றாமவனைக் கோழை என்பதும் அவசரம். பணத்தைப் பத்திரப்படுத்த நிலமே சரியான இடம் என்று தல்மூத் என்ற யூதச் சட்டத் தொகுப்பில் ஒரு கருத்து பதிவாகியிருக்கிறது. சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது உபாகமம் 23. அந்தச் சட்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்களிடம்தான் எஜமான் வட்டியைப் பற்றிப் பேசுகிறான். ‘விதைக்காத இடத்தில் அறுக்கிறவன்’ என்ற குற்றச்சாட்டையும் அவன் மறுக்கவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன் விஷயம் சுருக்கமானது. நல்ல எண்ணம் மட்டும் இருந்திருந்தால் அவனை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், பணமும் இருந்தது என்று அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1980-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அவன் சத்திரக்காரனிடம் கொடுத்ததைப் பழைய திருப்புதலில் ‘இரண்டு பணம்’ என்று படித்தால் அது எவ்வளவோ என்று தோன்றும். இரண்டு தெனாரியம் இரண்டு நாள் கூலி, பெரிய செல்வம் அல்ல. பெரியது அடுத்த வாக்கியம்: மேலே எவ்வளவு செலவானாலும் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் வரம்பில்லாத பொறுப்பேற்கிறான்.

இனி அந்த ஓட்டை. திருவிவிலியத்தில் எஜமான் வேலையாளைப் பல இடங்களில் ‘நீர்’ என்கிறார், வேலையாளும் எஜமானை ‘நீர்’ என்கிறார். மரியாதை நல்லதுதான், ஆனால் யார் மேலே, யார் கீழே என்பது தட்டையாகிவிடுகிறது. பழைய திருப்புதலின் ‘நீ’யும் ‘நீரும்’ அதை ஒரே வரியில் காட்டிவிடும். இரண்டுக்கும் பொதுவான குறை இன்னும் மோசம்: மூலத்தில் அடிமை என்று இருப்பவன் ஒன்றில் ஊழியக்காரன், மற்றதில் பணியாளர். படிப்பவர் மனதில் சம்பளம் வாங்கும் மேலாளர் வந்து உட்காருகிறார். அடிமையும் அவன் ஈட்டியதும் எஜமானுக்கே சொந்தம் என்பது தெரியாமல் தாலந்து உவமையில் ஊக்கத்தொகைக் கோட்பாட்டைத் தேடுகிறார்கள்.

எஜமானுக்கு வரவேண்டிய கடனை அவனுடைய உக்கிராணக்காரன் (சொத்து நிர்வாகி) குறைத்து எழுதச் சொல்லும் லூக்கா 16-இலும் பழைய திருப்புதல் அளவைச் சிறிதாக்குகிறது. ‘நூறு குடம் எண்ணெய்’ என்றால் இடுப்பில் வைக்கும் குடம்தான் நினைவுக்கு வரும். மூலத்திலுள்ள பாத் என்ற அளவு, குறைத்து மதிப்பிட்டாலும் 20 லிட்டருக்கு மேல். நூறு என்றால் 2,000 லிட்டரைத் தாண்டும். கடன்காரர்கள் ஏழை வீட்டுக்காரர்கள் அல்ல. உக்கிராணக்காரன் ஐம்பது என்று எழுதச் சொன்னது பெருந்தொகை. தள்ளிய பாதி மறைமுக வட்டியா, எஜமானின் சொத்தா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்தச் சர்ச்சையை மொழிபெயர்ப்பு தீர்க்காது. விளக்கவுரை தனியாக வேண்டும்.

லூக்கா 19-க்கும் அப்படியே. பழைய திருப்புதலில் ‘ராத்தல் திரவியம்’, திருவிவிலியத்தில் மினா; ஆளுக்கு ஒன்று, அதாவது நூறு நாள் கூலி. அரசுரிமை வாங்கத் தூரதேசம் போகும் பிரபு, பின்னாலேயே எதிர்ப்புத் தூது அனுப்பும் குடிகள் என்று கதை போகிறது. கி.மு. 4-இல் மகா ஏரோது இறந்தபின் அவன் மகன் அர்கெலாயு அரசுரிமை வாங்க உரோமுக்குப் போனதும், யூதத் தூதுக்குழு அவனை எதிர்த்ததும் கேட்டவர்களுக்குத் தெரிந்த சமாசாரம். அந்தப் பிரபுவைத் தொழில்முனைவுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் 27-ஆம் வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். அங்கே அவன் தன் எதிரிகளைக் கண்முன் கொண்டுவந்து வெட்டச் சொல்கிறான்.