எழுத்துக்குள் வழி தேடுதல்: புதியவர்களுக்கு ஆர்ட்வுல்ஃப்

கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் வழி கேட்டால் பெரியவர்கள் இடது, வலது என்று சொல்வது அரிது. "வாய்க்கால் பாலத்தத் தாண்டி மேக்கால போனீங்கன்னா, தெக்கால ஒரு கெணறு வருமுங்க" என்றுதான் சொல்வார்கள். திசையை வைத்தே இடத்தை மனத்துக்குள் வரைந்துகொள்ளும் இந்தப் பழக்கம், ஆர்ட்வுல்ஃப் என்னும் எழுத்துவழி இணைய விளையாட்டை என் அக்கா மகனுக்கு நான் அறிமுகம் செய்தபோது அவனுக்கு அவ்வளவு கைகொடுத்தது.

படமே இல்லாமல் முழுக்க எழுத்தால் ஆன, பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் இத்தகைய விளையாட்டுகளை ‘மட்’ என்பார்கள். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த விளையாட்டின் பெயரே இந்த வகை முழுவதற்கும் நிலைத்துவிட்டது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதி 1991இல் வெளிவந்த டிகுமட் என்ற நிரலை எடுத்துப் பலரும் தத்தம் உலகங்களைக் கட்டினார்கள். அந்த வழியில் வந்த ஆர்ட்வுல்ஃப் 1996 முதல் நடந்துவருகிறது. ஆடுவதற்குக் கட்டணம் கிடையாது. விரும்புபவர்கள் நன்கொடை தரலாம்.

ஒரு மட் நல்லதா இல்லையா என்பதை அதன் முதல் ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. 2003இல் ஈரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வேறொரு மட்டுக்குள் முதல்முறையாக நுழைந்தேன். ‘இருட்டாக இருக்கிறது’ என்ற ஒரே வரி திரையில் வந்தது. விளக்கு ஏற்றுவது எப்படி, வெளியே போவது எப்படி என்று சொல்லித்தர ஒரு வரியும் இல்லை, கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லை. கொடுத்த காசுக்கான நேரம் அந்த இருட்டறையிலேயே தீர்ந்துபோயிற்று. மறுபடி இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஆர்ட்வுல்ஃப் அப்படி யாரையும் நடுக்காட்டில் விட்டுவிடுவதில்லை. மட் ஆடுவதற்கான மட்லெட் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினால், அதன் பட்டியலிலேயே இந்த விளையாட்டின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் போதும். நாம் ஏற்கும் பாத்திரத்துக்குப் போர்வீரர், மந்திரவாதி, திருடர் என்று ஏழு வகைகள் இருக்கின்றன. முதல்முறை ஆடுபவர்கள் போர்வீரரை எடுத்துக்கொள்வது நல்லது, மந்திரங்களின் பெயர்களை உடனே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

மே விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் தொடங்கினான். ஐந்து நிமிடம் ஆவதற்குள், "என்னுங் மாமா, படமே வரலீங்களே?" என்றான். "வராது கண்ணு, நீ படி" என்றேன். புதியவர்களுக்கென்றே அமைத்திருக்கும் அய்லோரியன் அகாடமிக்குள் நுழைந்ததும், ஒவ்வொரு கட்டளையாகக் கற்பித்து, செய்து பார்க்கச் சொல்லி, அதன் பிறகே அடுத்ததற்கு அழைத்துச் செல்கிறார்கள். ‘லுக்’ என்று தட்டினால் அறையின் வருணனையும் அதிலிருந்து வெளியேறும் திசைகளும் வருகின்றன. வடக்கே போக ‘நார்த்’ என்றோ அதன் முதல் எழுத்தை மட்டுமோ தட்டலாம். சற்று நேரத்தில் அவன் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரையத் தொடங்கியிருந்தான். அக்காவின் பால் கணக்குக்குக் கீழே ஒரு கோட்டை எழும்பியது. எதிரியோடு மோதுவதற்கு முன் அதன் பலத்தை மதிப்பிட்டுச் சொல்லும் ‘கன்சிடர்’, வழி தவறினால் அய்லோர் நகருக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும் ‘ரீகால்’ ஆகிய இரண்டையும் புதியவர்கள் முதல் நாளே கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்கான உரையாடல் தடத்தில் அவன் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டான், ஒரு நிமிடத்துக்குள் யாரோ முகமறியாத ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஒரு புதியவரைத் தங்கவைப்பது எந்த நிரலையும்விட அந்தப் பதில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

குறைகளும் உண்டு. கட்டளைகள், வருணனைகள் எல்லாமே ஆங்கிலம். சண்டையின்போது வரிகள் மளமளவென்று ஓடுவதால், மெதுவாகப் படிப்பவர்கள் தொடக்கத்தில் திணறுவார்கள். மழை பிடித்தால் சிக்னல் மெலியும் எங்கள் ஊரிலும் ஆட முடிகிறது. ஆனால் கைப்பேசியில் தட்டி ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 201 நிலைகளை ஏறி முடித்து, மறுபிறவி எடுத்து மீண்டும் ஏறுவதுதான் இதன் அடிப்படை. ஒரு பாத்திரமாகவே பேசி, நகர அரசியலிலும் மதத்திலும் பங்கெடுத்து வாழ வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு, 1997இல் தொடங்கிய அகேயா என்ற மட் பொருத்தமாக இருக்கும். அங்கே நுழைவு இலவசம் என்றாலும் ‘கிரெடிட்’ என்பதைப் பணத்துக்கு விற்கிறார்கள், ஆகவே எவ்வளவு செலவழிப்பது என்பதை மாணவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஆர்ட்வுல்ஃபில் கால் ஊன்றிக்கொண்டு அங்கே போவதுதான் என் பரிந்துரை.

இந்த விளையாட்டை நான் இவ்வளவு மதிப்பதற்குத் தாராபுரத்தில் இருக்கும் என் நண்பரும் ஒரு காரணம். பார்வையை இழந்த பிறகு மற்றக் கணினி விளையாட்டுகளின் கதவுகள் அவருக்கு மூடிக்கொண்டன. எழுத்தைத் திரைவாசிப்பான் வாசித்துவிடும் என்பதால் மட் மட்டும் திறந்தே இருந்தது. மட்லெட் போலவே மட் ஆட உதவும் மஷ்கிளையன்ட் என்ற மென்பொருளில், ஆர்ட்வுல்ஃபுக்கெனப் பார்வையற்றவர்களுக்கான தொகுப்பே தனியாக இருக்கிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வாசிக்கும் வேகத்தை அவர் எனக்குப் பிடிபடாத அளவுக்குக் கூட்டி வைத்திருக்கிறார், இறைந்து ஓடும் சண்டை வரிகளிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் காதால் பொறுக்கி எடுத்துவிடுகிறார்.

அகாடமியை முடித்த மறுநாள் என் மருமகன் வெளியே ஏதோ ஒரு காட்டில் மாட்டிக்கொண்டான். ரீகால் செய்ய மனமில்லை, அங்கேயே எதையோ தேட வேண்டும் என்றான். நண்பருக்குப் போன் செய்து கொடுத்தேன். அவன் அறை வருணனையைத் திக்கித் திக்கிப் படித்துக் காட்ட, அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்னார்: "சரி தம்பி, இப்பக் கெழக்கால மூணு தட்டு. அப்பறம் தெக்கால ஒண்ணு. என்ன எழுதியிருக்குதுன்னு படி."