ரிவர்ஸ் விழாத வண்டிக்கு கிளட்ச் செட்டா, சிலிண்டரா?

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. தலையைக் கொடுத்து உள்ளே போன கார் ரிவர்ஸில்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒருநாள் காலை எட்டே காலுக்கு, பின்னால் ஸ்கூல் வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, ரிவர்ஸ் விழ மறுத்தது. கிளட்சை முழுக்க மிதித்துத் தள்ளினால் கர்ர்ரென்று பல் அரைக்கும் சத்தம். முன்னால் போகும் கியர்கள் ஐந்தும் விழுந்தன, கொஞ்சம் முரண்டோடு.

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 88,000 கிலோமீட்டர் ஓடியது. சர்வீஸ் சென்டரில் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள்: “கிளட்ச் செட் போயிடுச்சு சார். பெட்டி இறக்கணும்.” பெட்டி என்றால் கியர்பாக்ஸ். இன்ஜினையும் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கும் பிளேட், அதை அழுத்தி வைக்கும் கவர், பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங், லேபர் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் 17,000 ரூபாய். பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் வேளச்சேரிப் பக்கம் இருக்கிறார். அவர் சொன்னது வேறு: வெளியே இருக்கிற சிலிண்டர் வேலைதான், பெட்டியைத் தொடாதீங்க. (இன்ஜின் சிலிண்டர் இல்லை. பெடலை மிதிக்கும் விசையைப் பிரேக் ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் சிலிண்டர்கள்: பெடல் பக்கம் மாஸ்டர், பெட்டிப் பக்கம் ஸ்லேவ்.) இந்த இரண்டில் நான் எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்பதுதான் விஷயம். சிலிண்டர் பக்கம்தான் சாய்ந்தேன், இப்போதும் அந்தப் பக்கம்தான்.

அதற்கு முன் மலிவான சந்தேகங்களைத் தள்ளிவிடலாம். கிளட்ச் பெடலுக்கு அடியில் மிதியடி சுருண்டு கிடந்தால் பெடல் கடைசி வரை போகாது. சிரிக்காதீர்கள், முதலில் அதைப் பாருங்கள். கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், மேனுவலில் போட்டிருக்கும் கிரேடிலேயே. ஜிஎல்-4 கேட்கிற பெட்டிக்கு ஜிஎல்-5 ஊற்றினால் சிங்க்ரோவின் (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) பித்தளை வளையங்களுக்கு ஆகாது. ஆனால் ஆயில் மாற்றி ரிவர்ஸ் சரியாகும் என்று பெரிதாக நம்ப வேண்டாம்.

பாய் செய்த முதல் வேலை, இன்ஜினை அணைக்கச் சொன்னது. “இப்ப போடுங்க சார்.” ரிவர்ஸ் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. ஸ்டார்ட் செய்து போட்டால் மறுபடி கர்ர்ர். அந்த ஒரு நிமிஷத்திலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. இன்ஜின் ஆஃபிலும் லீவர் முட்டினால் கியர் கேபிள், புஷ், பெட்டிக்குள் இருக்கும் ஃபோர்க் என்று அந்த வழியில் தேட வேண்டும். (அப்போதும் ஒருமுறை வண்டியைக் கையால் அரை அடி தள்ளிவிட்டுப் போட்டுப் பாருங்கள், பல் மேல் பல் நின்றிருந்தால் அதிலேயே விலகிவிடும்.) ஆஃபில் விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் குற்றம் பெட்டியில் இல்லை. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை, இன்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் உள்தண்டு இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

ரிவர்ஸ் மட்டும் ஏன் முதலில் அடம்பிடிக்கிறது? முன் கியர்களுக்கு சிங்க்ரோ உண்டு. சுற்றுகிறதைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்திவிட்டுத்தான் பல்லைக் கோக்கும். கிளட்ச் முழுதாகப் பிரியாமல் கொஞ்சம் இழுத்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். பெரும்பாலான சின்ன கார்களில் ரிவர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. நேராக வெட்டிய பற்கள், நடுவில் ஐட்லர் என்கிற ஓர் இடைப் பல்சக்கரம், அது நகர்ந்து போய் நேரே மாட்டும். ரிவர்ஸில் போகும்போது கேட்கும் ஊளைச் சத்தம்கூட அந்த நேர்ப் பற்களால்தான். ஆகவே உள்தண்டு நின்றால்தான் ரிவர்ஸ் விழும். பாய் சொல்லிக் கொடுத்த தற்காலிக வித்தையும் இதிலிருந்து வந்ததே: முதலில் ஒரு முன் கியரில் போட்டு, அதன் சிங்க்ரோ தண்டை நிறுத்தியதும், பெடலை விடாமல் ரிவர்ஸுக்குத் தள்ள வேண்டும். மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன்.

இன்னொரு சோதனை. சமதரையில் இன்ஜின் ஓட, கிளட்சை மிதித்துவிட்டு, கியர் போடாமல் ஐந்தாறு விநாடி காத்திருங்கள். பிறகு ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. கோளாறு உங்கள் கையின் அவசரத்தில்தான். பத்து விநாடி ஆகியும் அரைத்தால் கிளட்ச் இழுக்கிறது. என்னுடையது அரைத்தது. அதே நேரம் பெடலை இரண்டு மூன்று தரம் அமுக்கி அமுக்கி விட்டால் விழுந்தது. இதுதான் பெரிய துப்பு. அமுக்க அமுக்கச் சரியாகிற கோளாறு பிளேட்டில் இருக்காது. ஆயில் அழுத்தம் குறைகிற இடத்தில்தான் இருக்கும்.

இங்கேதான் சர்வீஸ் சென்டர் சொன்னது எனக்கு உறுத்தியது. பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரையும், வண்டி ஏறாது. எனக்கோ நேர்மாறாக, கிளட்ச் பிடித்தது விடமாட்டேன் என்கிறது. கத்திப்பாரா பாலத்தில் நான்காம் கியரில் ஏறிப் பார்த்தேன், வழுக்கலே இல்லை. கவரின் ஸ்பிரிங் விரல்கள் உடைந்தாலோ, பிளேட் வளைந்தாலோ, ரிலீஸ் ஃபோர்க் தேய்ந்தாலோ கிளட்ச் இழுக்கும்தான், அதை மறுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கார் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்று, பிறகு ஒரு மாதம் ஓடாமல் கிடந்தது. பிளேட், இன்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஸ்டார்ட் செய்தால் எந்தக் கியருமே விழவில்லை, பெடலை எத்தனை தரம் அமுக்கினாலும் மாற்றமில்லை. பெட்டி இறக்கியதுதான் அவருக்குச் சரியான முடிவு.

சரி, பணத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது பெட்டி இறக்குவது என்கிற அந்த வேலையேதான். முன்சக்கரம் இழுக்கிற காரில் அது லேசான காரியம் இல்லை. கியர் ஆயிலை வடிக்க வேண்டும். இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டையும் உருவ வேண்டும், அதற்கு லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பிரிக்க வேண்டும். பேட்டரி, அதன் தட்டு, ஸ்டார்ட்டர், கியர் கேபிள்கள், மவுன்டிங் எல்லாம் கழன்று வரும். இன்ஜின் சங்கிலியில் தொங்கும். பதினோரு வருஷப் பழைய வண்டியில் ஒவ்வொன்றும் ஒரு புதிய கோளாறுக்கு வாசல். ஷாஃப்ட் சீல் அதுவரை ஒழுகாமல் இருந்திருக்கும், உருவி மாட்டியதும் ஒழுகும். முந்தைய காரில் இதை அனுபவித்தவன் நான்: கிளட்ச் மாற்றி ஒரு மாதத்தில் போர்டிகோவில் ஆயில் கறை, சீலுக்காக மறுபடி ஒருநாள் ஷெட்டில். எனவே ஒரு வண்டியின் ஆயுளில் பெட்டி எத்தனை தரம் இறங்குகிறது என்பதுதான் என் கணக்கு. பிளேட்டில் இன்னும் உயிர் இருக்கும்போது இறக்கினால், அந்த உயிரையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறோம்.

இதே கணக்கு சில கார்களில் தலைகீழாகும். ஸ்லேவ் சிலிண்டர் பெட்டிக்கு வெளியே இல்லாமல், உள்தண்டைச் சுற்றி கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் வகை உண்டு. அது ஒழுகினாலும் பெட்டி இறங்கத்தான் வேண்டும். அப்படி இறங்கிய பிறகு பழைய பிளேட்டையே திருப்பிப் போடுவது கஞ்சத்தனம். செட்டாக மாற்றிவிடுவதே சரி. ஆகவே ஷெட்டுக்குப் போகும் முன், ஸ்லேவ் வெளியிலா உள்ளேயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயிலே இல்லாத கேபிள் கிளட்ச் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் வரும் வெற்று அசைவு) சரிசெய்தோ, கேபிளை மாற்றியோ பார்த்த பிறகுதான் மற்றது.

என்னுடையது வெளியில் இருக்கும் வகை. பாய் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். ஸ்லேவின் தண்டு ஒரு விரல் அகலம் நகர வேண்டிய இடத்தில் பாதிதான் நகர்ந்தது. அதன் ரப்பர் உறையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். உள்ளிருந்து டீ டிகாஷன் நிறத்தில் ஆயில் சொட்டியது.

அடுத்த கேள்வி: உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் மாற்றும் கிட்டா, முழு சிலிண்டரான அசெம்பிளியா? இதில் நான் தப்புச் செய்தேன். கிட் 380 ரூபாய், புது ஸ்லேவ் 1,650. பாய் அசெம்பிளியே போடச் சொல்ல, நான் கிட்டுக்குப் பிடிவாதம் பிடித்தேன். ஏழு வாரம் தாங்கியது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டரின் உட்சுவரில் பொடிப்பொடியாகப் பள்ளம் விழும். புது ரப்பர் அந்தப் பள்ளங்களின் மேல் ஓடியே கிழிந்துபோனது. கழற்றிக் காட்டினார், நகத்தால் வருடினால் சொரசொரப்பு தெரிந்தது. உட்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டும் கிட் போடுங்கள்.

இரண்டாம் முறை ஸ்லேவ், மாஸ்டர் இரண்டையும் புதிதாகவே போட்டோம். ஜி.பி. ரோட்டில் வாங்கி வந்தேன். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் ரப்பர் வேலை செய்கிற பொருளைப் பழையதாக வாங்க மனசு வரவில்லை. குழாயில் புகுந்த ஏர் எடுத்து, ஆயில் முழுக்க மாற்றி, லேபரோடு 5,600 ஆனது. மாஸ்டரை மாற்றியிருக்க வேண்டியதில்லையோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. இரண்டும் ஒரே வயசு, ஒன்று புதிதானால் அழுத்தம் மற்றதைக் கெடுக்கும் என்பது பாயின் வாதம். சோதித்துப் பார்க்க எனக்கு இன்னொரு கார் இல்லை.

எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதம் என்பது பெரிய சாட்சியம் இல்லைதான். ஆனால் ரிவர்ஸ் இரண்டு விரலால் தள்ள விழுகிறது, ஸ்கூல் வேன்காரர் இப்போது ஹார்ன் அடிப்பதில்லை. பிளேட் என்றாவது வழுக்கத் தொடங்கும், அன்றைக்குப் பெட்டி இறங்கும். இறங்கும்போது ஷாஃப்ட் சீல்களோடு, ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லி பாய் பில்லின் பின்பக்கம் பால் பாயின்ட் பேனாவால் எழுதித் தந்திருக்கிறார். பில் டேஷ்போர்டு பெட்டிக்குள், ஆர்.சி. புக்கோடு இருக்கிறது.