வெள்ளிக் காசு: பீரோவைவிட உறைதான் முக்கியம்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் வெள்ளிக் காசு வாங்கினால் ரோஸ் தாளில் மடித்து, சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். வீடு வந்து சேர அது போதும், வருடக்கணக்கில் வைக்கப் போதாது. பீரோவா லாக்கரா என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். காசைக் கெடுப்பதோ அதை ஒட்டிக்கொண்டிருக்கும் உறை.

இருப்பதிலேயே மோசம், புது ரெயின்கோட் வாசம் அடிக்கும் பிவிசி பிளாஸ்டிக் கவர். நாள்பட அது கசிந்து, எழுத்தோரங்களில் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும். அப்படியே விட்டால் வெள்ளியையே அரிக்கும். ஆரம்பத்தில் கவனித்துவிட்டால், கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்துக் காயவைத்தால் போய்விடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கும்.

நீண்ட நாளுக்குக் கைகொடுப்பது அக்ரிலிக் கேப்ஸ்யூல், அதாவது ஒரு காசு மட்டும் அடங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பி. அளவு சரியாக இருக்க வேண்டும்: கனடாவின் மேப்பிள் லீஃப் வெள்ளிக் காசுக்கு 38 மிமீ, அமெரிக்காவின் ஈகிள் காசுக்கு 40.6 மிமீ. பெரிதாக இருந்தால் காசு உள்ளே ஆடி விளிம்பு தேயும். நம்மூர்க் கடைக் காசுகள் ஒவ்வொன்றும் ஒரு விட்டம், வெர்னியர் அளவுகோலில் அளந்துவிட்டு கேப்ஸ்யூல் வாங்குங்கள். கார்டில் சீல் வைத்து வந்ததைப் பிரிக்கவே வேண்டாம்.

கேப்ஸ்யூலுக்குள்ளும் காற்று போகும். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தக வாயுவால், ஈரம் அதை முடுக்கிவிடும். சித்திரை வெயிலில் ஒன்றும் தெரியாது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் குட்டு வெளிப்படும். அதனால் கேப்ஸ்யூல்களைப் பாலிதீன் ஜிப் கவரில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலமும், வெள்ளி கறுக்காமல் காக்கும் ஆன்டி டார்னிஷ் பட்டையும் வையுங்கள். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றிவிட வேண்டும். ரப்பர் பேண்டிலேயே கந்தகம் இருக்கிறது, அதைப் போட்டுக் கட்டவே கூடாது. செய்தித்தாளும் பழைய அட்டைப் பெட்டியும் ஆகாது.

லேசாக மஞ்சளித்தால் விட்டுவிடுங்கள். குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி விபூதி போட்டுத் தேய்த்தால், கண்ணாடியாக மின்னும் முகத்தில் மயிரிழைக் கீறல் விழும், அது போகவே போகாது. பால் தெளித்ததுபோல வரும் வெள்ளைப் புள்ளிகள் அச்சடித்த இடத்திலிருந்தே வருபவை, நீங்கள் வைத்த விதத்தில் குறை இல்லை.

பேங்க் லாக்கர் எடுப்பவர்கள் இரண்டைக் கணக்கில் கொள்ளுங்கள். அதே எடைத் தங்கத்தைவிட வெள்ளி ஏறக்குறைய இரு மடங்கு இடம் பிடிக்கும், கேப்ஸ்யூலோடு இன்னும் கூடும். தீ, திருட்டு போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப்போல 100 மடங்குதான். மழை ஓய்ந்ததும், தை பிறந்தவுடன் ஒரு நடை போய்ச் சிலிக்கா ஜெல்லை மாற்றிவிட்டு வாருங்கள்.