எலுமிச்சை, புதினா பானத்துக்கு ஒரு கைப்பிழிவான்: மதிப்புரை

எலுமிச்சையும் புதினாவும் சேர்ந்த குளிர்பானத்தை வீட்டிலேயே தயாரிப்பவர்களுக்கு, இரண்டு கைப்பிடிகளும் துளையிட்ட கிண்ணமும் கொண்ட பிழிவான் அவசியம்தானா என்ற ஐயம் எழுவது இயல்பு. விரலால் அழுத்தினாலும் சாறு வரத்தானே செய்கிறது. எவர்சில்வரால் ஆன ஒரு பிழிவானை நெடுநாளாகப் பயன்படுத்தி வரும் நான், அவசியம் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் சாற்றின் அளவு அல்ல, மணம்.

எலுமிச்சைக்கு உரிய மணத்தின் பெரும்பகுதி சாற்றில் இல்லை. தோலின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில், லிமோனீன் முதலிய சேர்மங்களாக அடங்கியிருக்கிறது. பிழிவான் அரைப்பழத்தை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி நெருக்கும்போது இந்தப் பைகள் உடைந்து, எண்ணெயில் சிறிது சாற்றோடு இறங்குகிறது. சாற்றின் மேல் மெல்லிய பளபளப்பு மிதப்பதைக் கண்ணாலேயே காணலாம். முழுப் பழத்தையும் மிக்ஸியில் அரைத்தால் மணம் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும், ஆனால் விதைகளும் தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியும் சேர்ந்து அரைபடுவதால், உடனே தெரியாத ஒரு கசப்பு நேரம் செல்லச் செல்லத் தலைதூக்கும். அந்த மணத்தைக் கசப்பில்லாமல் பெற்றுத் தருவதுதான் இக்கருவியின் உண்மையான பயன்.

பழத்தை வைக்கும் முறை முக்கியம். வெட்டுவாய் துளைகளை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். கிண்ணத்தின் வளைவுக்குப் பொருந்துகிறதே என்று தோல்பக்கத்தைக் கீழே வைத்தால், சாறு துளை வழியே இறங்காமல் பக்கவாட்டில் பீறிட்டுத் தெறிக்கும். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கையேடு அதைச் சொல்லவில்லை. புதினாவையும் இதிலேயே நசுக்கலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள சுரப்பிகளில் இருப்பதால், மரக்கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்தினாலே போதும். இலை கூழாகும்வரை நசுக்கினால் பச்சை வாடை மேலோங்குவதோடு, பானமும் விரைவில் பழுப்பேறிவிடும்.

இருவருக்கு 60 மி.லி. சாறு, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகு 60 மி.லி., பத்துப் பன்னிரண்டு புதினா இலைகள், 400 மி.லி. குளிர்ந்த தண்ணீர் அல்லது சோடா என்பது எனக்குப் பிடித்த அளவு. சோடாவைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீரில்தான் கரியமில வாயு அதிகமாகக் கரைந்து நிற்கும் என்பதால், அது நன்றாகக் குளிர்ந்திருப்பதும் அவசியம்.

குறைகளும் உண்டு. துளைகள் சற்றுப் பெரியவை என்பதால் சிறிய விதைகள் நழுவி விழுகின்றன. வடிகட்டி இல்லாமல் முடியாது. ஆரஞ்சுப் பழம் இந்தக் கிண்ணத்துக்குள் அடங்காது. கீல் இருக்கும் இடத்தில் சக்கை சிக்கிக்கொள்வதால், பிழிந்த உடனேயே கழுவிவிடுவது நல்லது. இதே வடிவத்தில் வண்ணம் பூசிய அலுமினியப் பிழிவான்களும் கிடைக்கின்றன. பூச்சு உரிந்த இடத்தில் எலுமிச்சையின் அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கைப்பிடி குட்டையாக இருப்பதுதான் என் பெரிய மனக்குறை. நெம்புகோலின் நீளம் குறைந்தால் கைக்கு வேலை கூடுகிறது. விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்களால் இதை அழுத்துவது கடினம். அவர்கள் கூம்பு முகட்டில் பழத்தைச் சுழற்றிப் பிழியும் கருவியை வாங்கலாம். அதில் தோலின் எண்ணெய் அவ்வளவாக இறங்காது என்பதால், வெள்ளைப் பகுதி படாமல் மேல்தோலை மட்டும் துருவி, சர்க்கரையோடு விரலால் தேய்த்து அரைமணி நேரம் மூடிவைத்த பிறகு, அந்தச் சர்க்கரையிலேயே பாகு கலந்துகொண்டால் மணத்தில் குறைவிராது.